கிளவுஸ் இல்லாத ஏழு ஓவர்

முப்பத்திரண்டாவது ஓவரின் மூன்றாவது பந்துக்காகக் குந்துகிறேன், முழங்கால் மடிகிறது, இடுப்பு இறங்குகிறது, முழங்கைகள் தாமாக உள்ளே வருகின்றன, வந்ததும் இரண்டு பக்கமும் மார்பில் இடித்துச் சுரீரென்று வலி தோள்வரைக்கும் ஏறுகிறது. பால் கட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் ஐந்தரைக்கு நிறைமதிக்குக் கொடுத்தது, இப்போது பதினொன்று தாண்டியிருக்கும், அவள் பிறந்த ஏழு மாதத்தில் இவ்வளவு நேரம் விட்டதே இல்லை. எழில் ஓடி வருகிறாள். ஆஃப் ஸ்பின் போடுகிறவள், நாலே எட்டுதான் ஓட்டம், மணிக்கட்டு தெரிகிறது, தெரிந்துவிட்டால் பந்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ரீமா மிஞ்ச் முன்காலை நீட்டித் தடுக்கிறாள், பந்து அவள் காலடியிலேயே செத்துக் கிடக்கிறது. "சூப்பர் எழில், அங்கயே போடு, அங்கயே போடு" என்று கத்துகிறேன். கத்தினாலும் வலிக்கிறது. ஆனால் கீப்பர் வாயை மூடிவிட்டால் பத்துப் பேருக்கும் என்னவோ ஏதோ என்று தெரிந்துபோகும். எல்லாம் அந்த ரயில்வே கேட்டால் வந்தது. டீம் பஸ் ஏழேகாலுக்கே கிளம்பிவிட்டது, பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள், தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனசு வரவில்லை. நீ போ, நான் ஆட்டோ பிடித்து எட்டரைக்குள் கொண்டுவந்துவிடுகிறேன், ஒன்பதுக்குள்ள நீ கொடுத்துட்டு உள்ள போயிடலாம் என்றார் அவர். நானும் நம்பினேன். டாஸில் தோற்று நாங்கள் ஃபீல்டிங் என்றானது, காலில் பேட் கட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆட்டோ வரவில்லை. இரண்டாவது ஓவரில்தான் அந்த ஓரத்துப் பந்தலுக்குக் கீழே அவர் பாப்பாவைக் கட்டியிருந்த நீலத் துண்டு தெரிந்தது. கேட்டில் மூன்று சரக்கு வண்டி போச்சாம், தண்ணீர் கொண்டுவந்தவள் சொன்னாள். பத்தாவது ஓவர் முடிந்து இடம் மாறுகிறபோது கையை விரித்துக் காட்டினார், இனி லஞ்ச்சுக்குத்தான் கொடுக்க முடியும் என்று அதிலேயே புரிந்தது.

இன்னும் பதினெட்டு ஓவர். ஒரு ஓவருக்கு நாலு நிமிடம் என்று வைத்தால், வேண்டாம், கணக்குப் போடாதே, பந்தைப் பார். நாலாவது பந்து. ரீமா தட்டிவிட்டு ஓடுகிறாள், ஒரு ரன். அவளுக்கு ஐம்பத்தெட்டு ஆகியிருக்கும். நாற்பத்தொன்றிலேயே போயிருக்க வேண்டியவள். போயிருக்க வேண்டியவளை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டாவது ஓவர், இதே எழில், ரீமா இறங்கி வந்தாள், பந்து திரும்பி மட்டையைத் தாண்டி என்னிடம் வந்தது, அவள் கோட்டுக்கு ஒரு கஜம் வெளியே நிற்கிறாள், திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, ஆட்டம் முடிந்தது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. பந்தைப் பிடித்துக் குச்சியைத் தட்டினால் போதும். கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் தடவை செய்தது. கை கிளம்பியது, வலது முழங்கை பக்கவாட்டில் உரசியது, அந்த ஒரு உரசலில் ஒரு நூல் தயங்கிவிட்டேன், பந்து கிளவுஸின் நுனியில் பட்டு என் காலில் மோதி விழுந்தது. ரீமா பாய்ந்து மட்டையை உள்ளே வைத்துவிட்டாள். எழில் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தாள். கேப்டன் மெர்லின் மிட் ஆஃபிலிருந்து, "பரவால்ல ரஞ்சி, விடு, அடுத்ததப் பாப்போம்" என்றாள். அந்தப் பரவாயில்லைதான் இன்னும் காதில் இருக்கிறது. திட்டியிருந்தால் தேவலாம். எட்டு சீசனாக இவர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள், நான் இவர்களைத் திட்டியிருக்கிறேன். திட்டாமல் பரவாயில்லை என்று சொல்ல எப்போது ஆரம்பித்தார்கள்? பிள்ளை பெற்றவள் என்று பாவம் பார்க்கிறார்களா? சைட் ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கிற கேமராவும் பாவம் பார்க்குமா? டிவியில் காட்டுகிற ஆட்டம் இல்லை இது, பார்க்க மொத்தம் நாற்பது பேர் இருந்தால் அதிகம், ஆனால் அந்த ஒரு கேமரா எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளும். பெவிலியன் மாடியில் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிற செலக்டர் அம்மா அப்போது பேனாவை எடுத்தாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை.

மாநில அணிக்கு வருஷத்துக்கு ஏழு ஒருநாள் ஆட்டம். லீக்கில் ஏழு, ஜெயித்துக்கொண்டே போனால் இன்னும் இரண்டோ மூன்றோ. ஆண்களுக்கு நாலு நாள் ஆட்டம் உண்டு, அது உண்டு, இது உண்டு, ஒன்றில் விட்டால் இன்னொன்றில் பிடிக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஐம்பது ஓவருக்குள் படித்ததுதான். கரூரில் பையன்களோடு டென்னிஸ் பந்தில் ஆடிவிட்டு வந்தவளுக்கு, பொறுமை என்றால் என்ன என்று இருபது ஓவர் ஆட்டம் சொல்லித்தரவில்லை. அதில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே குதித்தால் முடிந்தது. இதில் அப்படி இல்லை. பதினைந்தாவது ஓவரிலிருந்து முப்பத்தைந்துவரைக்கும் ஒன்றுமே நடக்காது, அந்த ஒன்றுமே நடக்காத நேரத்தில் நூற்றிருபது தடவை உட்கார்ந்து எழுந்து, நூற்றிருபதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே உட்கார வேண்டும். அதை யார் சொல்லியும் கற்க முடியாது. வெடித்துப்போன ஒரு பிட்சில் பந்து கால் பக்கம் போய்ப் போய் முகத்தில் அடித்து உதடு கிழிந்தபோது கொஞ்சம் படித்தேன். வடக்கே பனியில் பந்தே தெரியாமல் சத்தத்தை வைத்துப் பிடித்தபோது கொஞ்சம். பெரிய பெரிய ஆட்டக்காரிகள் இந்தியாவுக்கு ஆடிவிட்டுத் திரும்பி வந்து இதே ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக நிற்பார்கள், ஒன்றரை முழ தூரத்தில், அவர்கள் மட்டையைப் பிடிக்கிற விதத்தை வேறு எங்கே போய்ப் பார்க்க முடியும்? ஒரு வருஷம் மண்டல அணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் இன்னும் மேலே என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வருஷம் நிறைமதி. இரண்டு வரவு உலகத்தில் ஒரே நேரத்தில் நடக்குமா? நடக்கவில்லை. ஒரு சீசன் முழுக்கப் போனது, அந்த சீசனில் கீப்பிங் செய்தவள் இதோ பாயிண்டில் நிற்கிறாள். அஃப்ரீன். வாணியம்பாடிக்காரி, பத்தொன்பது வயசு, பத்தொன்பது வயசுக்குட்பட்டோர் அணியிலிருந்து நேராக வந்தவள். ஏழு ஆட்டத்தில் பதிமூன்று பேரை அவுட்டாக்கினாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, வயிற்றின்மேல் செல்போனை வைத்து ஸ்கோர் பார்ப்பேன், பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் குறி, கீப்பர் என்பதற்கு, அது அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டம். கெட்ட பிள்ளையாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஓவர். நடக்கிறேன். மறுபக்கம் வேகப்பந்து, அதனால் பின்னால் தள்ளி நிற்கலாம், அவ்வளவு குந்த வேண்டாம், ஆறு பந்துக்குக் கொஞ்சம் மூச்சு. காற்று திரும்புகிறது. குண்டூர் பக்கத்து மைதானம் இது, தை மாசம், சுற்றுவட்டாரத்தில் எங்கேயோ மிளகாய் காய்கிறது, காற்று அடித்தால் மூக்கில் ஏறும், ஸ்லிப்பில் நிற்கிறவள் தும்முகிறாள். இப்படித்தான் முன்னே ஒரு ஆட்டம், வேறு ஊர், காற்றில் என்னவோ வாடை வந்துகொண்டே இருந்தது, மற்ற யாருக்கும் வரவில்லை, எனக்கு மட்டும் குமட்டியது. ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடித்துவிட்டு ஐம்பது ஓவரும் நின்றேன், லெக் பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்து ஒரு கேட்ச் பிடித்தேன், வயிறு தரையில் அடித்து விழுந்தேன். பத்து நாள் கழித்து டாக்டர் தேதி கேட்டு விரலை மடக்கிப் பார்த்து, "ஆறு வாரம்" என்றார். நான் பயந்து அழுதேன். அன்றைக்குப் பாய்ந்தேனே, அடிபட்டிருக்குமா, என்ன ஆகியிருக்கும். டாக்டர் சிரித்தார், உள்ளே இருக்கிறது ஒரு பட்டாணி, அதுபாட்டுக்கு பத்திரமாக இருக்கிறது என்றார். வெளியே வந்து இவரிடம் சொன்னேன், "அந்தக் கேட்ச் நாங்க ரெண்டு பேரும் புடிச்சதுங்க." இவருக்கு கேட்ச் என்றால் என்னவென்று அப்போது சரியாகத் தெரியாது. தண்டபாணிக்கு வண்டிதான் தெரியும். கரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிரைவிங் ஸ்கூல், நான் வண்டி ஓட்டப் படிக்கப் போனவள், முதல் நாளே மேம்பாலத்தில் லாரியைப் பார்த்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டேன். "நேராப் பாருங்க, பயப்படாதீங்க, எங்காலுக்கடியிலயும் ஒரு பிரேக் இருக்குது" என்றார், குரல் ஏறவே இல்லை. இவரையே கட்டிக்கொள்ளலாம் என்று அப்போது தோன்றவில்லை, அது அப்புறம், ஆனால் அந்தக் குரலை அன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டேன். பிரசவத்துக்கு அப்புறம் எழுபதாம் நாள் நான் ஓடப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா, "இன்னும் ஒரு வருசம் பொறுத்துக்கிட்டா என்ன குடி முழுகிப் போகுதாக்கும்?" என்று கேட்டாள். இவர் மறுநாள் விடியற்காலையில் பாப்பாவைத் துண்டில் கட்டிக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நின்றார். இப்போதும் நிற்கிறார். நீலத் துண்டு முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆடுகிறது என்றால் பாப்பா சிணுங்குகிறாள். வேகமாக ஆடினால்...

அழுகை. முப்பத்துநாலாவது ஓவரின் நாலாவது பந்துக்கு எழில் கையைத் தூக்குகிறாள், அப்போது வருகிறது, மெல்லிசாக, மைதானத்தைத் தாண்டி, எனக்கென்றே வருகிற மாதிரி. மூளைக்கு வருவதற்கு முன்னால் மார்புக்குத் தெரிந்துவிட்டது. ஊசி ஊசியாகக் குத்தி, சூடாக, அவிழ்ந்துகொண்டது. உள்ளே மடித்து வைத்திருந்த துணி நனைகிறது, நிறுத்த முடியவில்லை, யாராலும் நிறுத்த முடியாது, பந்து வருகிறது, எங்கே வருகிறது, ரீமா வெட்டி அடித்துவிட்டாள், நல்லவேளை, என்னிடம் வரவில்லை. குனிந்து பார்க்கிறேன். இளநீலச் சட்டையில் இரண்டு வட்டம், கருநீலமாக, பெரிசாகிக்கொண்டே. வியர்வை என்று நினைத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும்தானே வியர்க்கிறது. வாடை வருமா? ஒன்றரை முழத்தில் நிற்கிறவளுக்கு வரும். ரீமா திரும்பிப் பார்க்கிறாள், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "தீதி, டீக் ஹோ?" என்கிறாள். நல்லா இருக்கீங்களா அக்கா என்று கேட்கிறாள். எதிர்ப்பக்கத்துக்காரி. தலையை ஆட்டினேன். ஓவர் முடிந்து தண்ணீர் வண்டி வந்தது. எல்லோரும் கூடினார்கள், நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அஃப்ரீன் ஒரு துண்டை எடுத்துவந்து என் தோளில் போட்டாள், முன்பக்கம் இரண்டு முனையும் தொங்குகிற மாதிரி. "அக்கா, பாப்பா அழுவுது." "கேக்குது." "போயிட்டு வாங்கக்கா. நான் நிக்கிறேன்." எங்கிருந்துதான் வந்ததோ அந்த வார்த்தை, "நான் போனா நீ நிக்கலாம்னு பாக்கறியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் முகம் சிவந்தது, ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "ஆசையாத்தான்க்கா இருக்கு. பாயிண்ட்ல நின்னாலும் ஒவ்வொரு பந்துக்கும் கையி தன்னால குவியிது. ஆனா இப்பச் சொன்னது அதுக்கில்ல." தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு அவள் இடத்துக்குப் போய்விட்டாள். நான் குடித்தேன். குடிக்கக் குடிக்க இன்னும் ஊறும் என்று தெரிந்தும் குடித்தேன்.

முப்பத்தைந்து. முப்பத்தாறு. அழுகை நிற்கவில்லை, இப்போது அது நீளம் நீளமாக வருகிறது, நடுவில் மூச்சுக்கு ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில்தான் எனக்கு உயிர் போகிறது. ராகிக் கூழ் கொண்டுவந்திருக்கிறார், ஊட்டிப் பார்த்திருப்பார், துப்பியிருப்பாள். பாட்டிலை அவள் தொடவே மாட்டாள். இன்னும் பதினாலு ஓவர்தான், ஐம்பது ஐம்பத்தைந்து நிமிடம், ஒரு பிள்ளை ஐம்பது நிமிடம் அழுதால் ஒன்றும் ஆகிவிடாது, எத்தனை பிள்ளை அழுகிறது. நான் இப்போது வெளியே போனால் அந்தத் தொப்பி அம்மா என்ன எழுதுவார்? தாக்குப் பிடிக்கவில்லை என்று எழுதுவார். ஒரு வார்த்தைதான், அதோடு முடிந்தது. இருபத்தெட்டு வயசு, ஒரு ஸ்டம்பிங் விட்டாள், பாதியில் வெளியே போனாள். இந்தப் பக்கம் பத்தொன்பது வயசு. நான் செலக்டராக இருந்தால் யாரை எடுப்பேன்? பந்து. காலுக்கு வெளியே, தாழ்வாக, நான் நகரவே இல்லை. நகர நினைத்தேன், உடம்பு அந்தப் பக்கம் போக மறுத்துவிட்டது, பந்து என்னைத் தாண்டி எல்லைக்கோடுவரைக்கும் உருண்டு போனது. மட்டையில் படாமலே நாலு ரன், பை. எழில் இந்த முறை வானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் எல்லைக்குப் போய்க்கொண்டிருந்த பந்தைப் பார்த்தேன், அது போன பக்கத்தில்தான் பந்தல். அங்கே தண்டபாணி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டித் தட்டி நடக்கிறார், அவள் தலை அவர் தோளுக்குமேல் தூக்கிக்கொண்டிருக்கிறது, மைதானத்தைப் பார்க்கிறாள், வெள்ளையும் நீலமுமாக இத்தனை பேரில் எது அம்மா என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறதே. ஓவர் முடிந்ததும் கையைத் தூக்கினேன். யாரோ தூக்கின மாதிரி இருந்தது. மெர்லின் ஓடிவந்தாள். "என்ன ரஞ்சி, கால் பிடிச்சிட்டா?" "இல்ல. போய்ப் பால் குடுத்துட்டு வந்துர்றேன்." மெர்லின் அம்பயரைத் திரும்பிப் பார்த்தாள். கொடுக்கப் போக விடுவார்களா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, எட்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. அம்பயர் நடுத்தர வயசுப் பெண்மணி, காலையிலிருந்து ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்காதவர். காயமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இல்ல மேடம். பாப்பா" என்றேன். அவர் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். "திரும்பி வந்ததும் பந்துவீச முடியாது, அதற்குக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும்" என்று விதியைச் சொன்னார். நான் எங்கே பந்துவீசப் போகிறேன். "சரிங்க மேடம்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தை மூடிக்கொண்டே தமிழில் சொன்னார், "ஓடாதே. நடந்தே போ. பால் குடுக்கிறப்ப மூச்சு வாங்கக் கூடாது." கிளவுஸைக் கழற்றினேன். அஃப்ரீன் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கென்று கிளவுஸ் பையில் இருந்தது, அது வர நேரமாகும், அதனால் என்னுடையதையே கொடுத்தேன். அவள் கையில் அது எவ்வளவு சரியாக உட்கார்ந்தது என்று பார்க்காமல் திரும்பி நடந்தேன்.

பிசியோவின் அறை. ஒரு மேஜை, ஐஸ் பெட்டி, தைல வாடை. காலில் பேடோடு நாற்காலியில் உட்கார வரவில்லை, தண்டபாணி பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு வாராக அவிழ்க்கிறார். அவர் கை வேர்த்திருக்கிறது. "கூழு தொடலம்மா. வெளையாட்டுக் காட்டிப் பாத்தேன், வண்டியோட்டிப் பாத்தேன், ஒண்ணும் எடுபடல." பாப்பாவின் முகம் முழுக்கக் கண்ணீரும் சளியும், என்னைப் பார்த்து ஒரு கணம் அழுகையை நிறுத்தினாள், இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினாள், மறுபடி அழப்போகிறாள், அதற்குள் வாயில் வைத்துவிட்டேன். கவ்வினாள். ஐயோ. கண்ணில் நீர் வந்துவிட்டது, கல்லை யாரோ கல்லாலேயே உடைக்கிற மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று இழுப்பு. அப்புறம் இறங்கியது. அவளுக்கு வேகம் தாங்கவில்லை, புரையேறி விட்டுவிட்டாள், அவள் நெற்றியிலெல்லாம் பால் பீய்ச்சியது, இவர் துண்டால் துடைத்தார், மறுபடி கவ்வினாள். மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. தோள் இறங்குகிறது. கழுத்து இறங்குகிறது. நெற்றிப் பொட்டிலிருந்து என்னவோ கழன்று போகிறது. அவளுடைய ஒரு கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இன்னொரு கை காற்றில் எதையோ தேடி என் உதட்டைப் பிடித்தது, நகம் வெட்டவில்லை, வெட்ட வேண்டும். வெளியே ஆட்டம் நடக்கிறது. எனக்குத் தெரியாமல் நடக்கிறது. பந்து மட்டையில் படுகிற சத்தம் சுவரைத் தாண்டி வருகிறது, அப்புறம் மெர்லின் குரல், அப்புறம் அஃப்ரீன் குரல், "அங்கயே எழிலக்கா, அங்கயே". என் வார்த்தை. எல்லாக் கீப்பரும் சொல்கிற வார்த்தைதான். இருந்தாலும் என் வார்த்தை. திடீரென்று கூச்சல். பதினொரு தொண்டையும் ஒரே நேரத்தில் கிழிகிற கூச்சல். பாப்பா வாயை எடுத்துவிட்டுச் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். இவர் ஜன்னலுக்கு ஓடினார். "என்னங்க?" "அவுட்டாட்டம் இருக்குது." "யாரு? ரீமாவா? எப்பிடி?" "அது எனக்கெங்க தெரியுது. அந்தப் புள்ள முன்னால எறங்கி வந்துச்சு, நம்ம கீப்பர் புள்ள பந்தப் புடிச்சுக் குச்சியத் தட்டிருச்சு. அவ்வளவுதான்." அவ்வளவுதான். நான் விட்ட அதே ஸ்டம்பிங். அதே ரீமா, அதே எழில், என் கிளவுஸ். உள்ளே கிளம்பியது பாலும் இல்லை, பசியும் இல்லை, பொறாமையென்று பெயர் சொல்லியே கூப்பிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் இங்கே. முக்கியமான விக்கெட். நாங்கள் ஜெயிக்கலாம் இனி. எங்கள் டீம். நான் கத்தியிருக்க வேண்டியது. இவர் திரும்பிப் பார்த்தார். "சந்தோசமில்லயா உனக்கு?" "இல்ல" என்றேன். சொன்னதும் சிரிப்பு வந்தது. "இருக்குதுங்க. ரெண்டும் இருக்குது." அவர் என் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு மறுபடி தரையில் உட்கார்ந்துகொண்டார். பாப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, வாயோரத்தில் பால் வழிய, ஈறு முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடி தன் வேலைக்குத் திரும்பினாள். அவளுக்கு ஒரே வேலை. எவ்வளவு மும்முரம். இந்த மும்முரத்தை நான் எங்கே விட்டேன்? காலையிலிருந்து என் உடம்பு குச்சிக்குப் பின்னால் இருந்தது, காது பந்தலில் இருந்தது, கண் மாடியில் தொப்பியைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. பந்தை யார் பார்த்தார்கள்? அவள் கண் செருகுகிறது. இழுப்பு மெதுவாகிறது. ஒரு பக்கம் காலியானதும் தூங்கிவிட்டாள், வாயில் இன்னும் அசைவு, சப்புகிற மாதிரி. "இன்னொரு பக்கம்?" என்றார். "லஞ்ச்சுக்குப் பாத்துக்கலாம். எழுப்பாதீங்க." பையிலிருந்து வேறு சட்டை எடுத்தார், என் நம்பரே போட்டது, அதைக் கொண்டுவர வேண்டுமென்று நான் சொல்லவேயில்லை. மாற்றிக்கொண்டேன். அவரே பேடைக் கட்டினார். தலைகீழாகக் கட்டினார், அவிழ்த்து மறுபடி கட்டினார். வாசலில் ஒரு நொடி நின்றேன். போகாவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பரவாயில்லை ரஞ்சி என்பார்கள்.

நாற்பத்துமூன்று முடிந்திருக்கிறது. ஏழு ஓவர் நான் இல்லாமல் போயிருக்கிறது, மொத்தம் ஆறு விக்கெட் விழுந்திருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அம்பயரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன், அவர் தலையசைத்தார், எனக்குப் பதிலாகப் பாயிண்டில் நின்ற பன்னிரண்டாவது ஆள் ஓடி வெளியே வந்தாள். நடக்க விநோதமாக இருந்தது, இடது பக்கம் பஞ்சு, வலது பக்கம் இன்னும் கல், ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறேனோ என்று தோன்றியது. அம்பயரைத் தாண்டுகிறபோது, "தூங்கிட்டாளா?" என்று கேட்டார், உதடு அசையாமல். "தூங்கிட்டா மேடம்." மெர்லின் என்னைப் பார்த்தாள், அஃப்ரீனைப் பார்த்தாள். "என்ன செய்யலாம் ரஞ்சி? நீ வேணா பாயிண்ட்ல நின்னுக்கிடு. அவளே முடிச்சிரட்டும். உனக்கும் சிரமம் இல்ல." அன்பாகத்தான் சொன்னாள். ஒரு கணம் அதையே எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது, எவ்வளவு நல்ல பெயர் கிடைக்கும், தங்கமான மனசு என்பார்கள். அஃப்ரீனின் கை கிளவுஸுக்குள் அசையாமல் இருந்தது. அவளுக்கு வேண்டும். முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. எனக்கும் வேண்டும். "எனக்கு வேணும், மெர்லின்" என்றேன், "நான் நிக்கிறேன்." குரல் கொஞ்சம் பெரிசாக வந்துவிட்டது. அஃப்ரீன் கழற்றினாள், ஒரு விரல் சிக்கிக்கொண்டது, இழுத்தாள். "நல்ல ஸ்டம்பிங்" என்றேன். "பாத்தீங்களாக்கா?" "பாக்கல. சத்தம் கேட்டுச்சு. எப்பிடி எடுத்த?" அவள் கண் மலர்ந்தது, எல்லாவற்றையும் மறந்துவிட்டுக் கையை வைத்துக் காட்டினாள், "கொஞ்சம் லேட்டா எழுந்திரிச்சேன்க்கா, திரும்பறவரைக்கும் கீழயே இருந்தேன். அதோட அக்கா, அந்த முனையிலேர்ந்து போட்டா பந்து எழும்பாம கீழ தங்குது இப்ப, ரெண்டு தடவ என் மொழியில பட்டுச்சு, பாத்துக்குங்க." கணுக்காலைத் தொட்டுக் காட்டினாள். இதை அவள் சொல்லாமலே போயிருக்கலாம். அவள் கன்னத்தைத் தட்டினேன், அவ்வளவுதான் முடிந்தது என்னால், அவள் பாயிண்டுக்கு ஓடினாள். கையை உள்ளே விட்டேன். ஈரமாக, சூடாக, இன்னொருத்தியின் கைச் சூடு, விரல் விரலாக நிரப்பிக்கொண்டேன். புது ஆட்டக்காரி மட்டையைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள், யாரென்று தெரியாது, எப்படி ஆடுவாளென்று தெரியாது. எழில் பந்தைச் சுழற்றிக்கொண்டு திரும்புகிறாள். குந்தினேன். முழங்கால், இடுப்பு. வலது முழங்கை இடித்தது, வலித்தது, அது அங்கேயே இருக்கட்டும். நாலு எட்டு. மணிக்கட்டு. காற்றில் பந்து, தையல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெள்ளை தேய்ந்து ஒரு பக்கம் மட்டும் மினுக்கி, இறங்குகிறது, ஆட்டக்காரியின் மட்டை வருகிறது, பந்து திரும்புகிறது, எழாமல் தரையோடு வருகிறது, கீழே, இன்னும் கீழே, பந்து மட்டும்.